கொரியாவில் மறுபடி மோதல் வந்தால் அது எங்கே தொடங்கும்?

கேள்வி: வட கொரியாவும் தென் கொரியாவும் எப்போது பார்த்தாலும் ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டே இருக்கின்றன. உண்மையிலேயே சண்டை மூண்டால் எங்கிருந்து தொடங்கும்?

கடலில் இருந்து. இன்ச்சியோன் துறைமுகத்துக்கு மேற்கே, நண்டு பிடிக்கிற கடலில் இருந்து என்பது என் பதில்.

நான் சில காலம் தென் கொரியாவில் வேலை பார்த்தேன். வடக்கு ஏவுகணை விட்ட செய்தி வந்தால் ஊரிலிருந்து பதறிப்போய் போன் வரும். அலுவலகத்தில் யாரும் தலையைக்கூடத் தூக்க மாட்டார்கள். ஆனால் மேற்குக் கடலில் துப்பாக்கிச் சூடு என்று வந்தால் கதை வேறு. கட்டாய ராணுவ சேவையை அந்தக் கடலில் உள்ள தீவு ஒன்றில் முடித்தவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். உடனே போனை எடுத்துச் செய்தி பார்ப்பார்.

தொலைக்காட்சியில் காட்டும், இரு தரப்பும் சந்திக்கும் பன்முன்ஜொம் நீலக் கொட்டகைகளும் முள்வேலியும் நிலத்து எல்லை. அது எங்கே போகிறது என்பது எழுதி வைத்த விஷயம். 1953 ஜூலை 27-இல் கையெழுத்தான கொரியப் போர்நிறுத்த உடன்பாட்டின்படி சுமார் 250 கிலோமீட்டர் நீளக் கோடு, அதற்கு இருபுறமும் 2 கிலோமீட்டர் ராணுவமற்ற பகுதி. வரைபடத்தை இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அங்கும் ரத்தம் சிந்தியிருக்கிறது. 1976 ஆகஸ்டில் ஒரு மரத்தின் கிளையை வெட்டப் போன தகராறில் இரண்டு அமெரிக்க அதிகாரிகளை வட கொரிய வீரர்கள் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து, வானத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் சுற்ற, அமெரிக்கர்கள் அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். வட கொரியத் தலைவர் கிம் இல் சுங் வருத்தம் தெரிவித்தார், அத்தோடு விஷயம் முடிந்தது.

கடலில் வரப்பே இல்லை. பேச்சுவார்த்தையில் கரையிலிருந்து 3 கடல் மைலா, 12 கடல் மைலா என்று ஒத்துவராமல், கடல் எல்லையை எழுதாமலே விட்டுவிட்டார்கள். வட கொரியக் கரையை ஒட்டிக் கிடக்கும் பேங்னியொங், யொன்பியொங் உள்ளிட்ட ஐந்து தீவுகள் மட்டும், போரில் தெற்குக்காக அமெரிக்கத் தலைமையில் சண்டையிட்ட ஐ.நா. படையின் கையில், அதாவது தெற்கின் பக்கம், இருக்கும் என்று எழுதினார்கள். யொன்பியொங்கிலிருந்து வட கொரிய நிலப்பரப்பு சுமார் 12 கிலோமீட்டர்தான்.

அப்புறம் ஐ.நா. படைத் தரப்பு தானாகவே ஒரு கோடு போட்டது. அதுதான் வட எல்லைக் கோடு. வடக்கு உள்ளே வராமல் தடுக்கப் போட்டது என்றுதான் இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நேர்மாறானது: தெற்கின் படகுகள் வடக்கே போய் வம்பு இழுக்காமல் கட்டிப்போடத்தான் அந்தக் கோடு. நம்ப முடியாத விஷயமில்லை. அன்றைய தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ சண்டையை நிறுத்தவே சம்மதிக்காதவர், உடன்பாட்டில் தெற்கு கையெழுத்துப் போடவில்லை. போர்க் கைதிகளைப் பராமரிக்கப் போன இந்தியப் படைகூடத் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார். நம் வீரர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி நேரே ராணுவமற்ற பகுதியில் இறக்க வேண்டியதாயிற்று.

வடக்கு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. 1999 செப்டம்பரில், வெகு தெற்கே தள்ளி, தானும் ஒரு கோட்டை அறிவித்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருப்பது நல்ல நண்டுக் கடல். சோயா சாறில் ஊறவைத்த பச்சை நண்டைச் சோற்றோடு சாப்பிட்டிருந்தால், அதற்காக ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று பாதி புரியும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நண்டுப் பருவம். இரு நாட்டு மீன்பிடிப் படகுகள், காவலுக்குக் கடற்படை, நடுவில் புகுந்து அள்ளிக்கொண்டு போகும் சீனப் படகுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன.

1999 ஜூனில் தென் கொரியக் கப்பல்கள் வடக்கின் படகுகளை இடித்துத் தள்ளிப் பார்த்தன. அது துப்பாக்கிச் சண்டையாகி வடக்கின் படகு ஒன்று மூழ்கியது. 2002 ஜூன் 29-இல் தெற்கின் ரோந்துப் படகு மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். உலகக் கோப்பைக் கால்பந்தில் தென் கொரியா மூன்றாம் இடத்துக்கு ஆடிய நாள் அது. 2010 மார்ச்சில் தெற்கின் சொனான் போர்க்கப்பல் பிளந்து 46 பேர் பலி. பன்னாட்டு விசாரணை வடக்கின் டார்பிடோ என்றது, வடக்கு மறுத்தது. அதே ஆண்டு நவம்பர் 23-இல், தெற்கு தன் கடல் என்று நினைத்த இடத்தில் பீரங்கிப் பயிற்சி நடத்த, அது என் கடல் என்று வடக்கு யொன்பியொங் தீவின் மேலேயே குண்டு பொழிந்தது. இரண்டு வீரர்கள், இரண்டு பொதுமக்கள் பலி. பதிலுக்குச் சுட்டவை கே-9 பீரங்கிகள். அதன் ஒரு வகைதான் நம் ராணுவத்தில் 'வஜ்ரா' என்ற பெயரில் இருக்கிறது.

தீர்க்க முயன்றதே இல்லையா என்றால், முயன்றார்கள். 2007-இல் தெற்கின் அதிபர் ரோ மூ ஹியுனும் வடக்கின் தலைவர் கிம் ஜொங் இல்லும் இந்தக் கடலில் பொது மீன்பிடிப் பகுதி அமைக்கலாம் என்றார்கள். அதை எந்தக் கோட்டை நடுவாக வைத்து வரைவது என்பதிலேயே பேச்சு சிக்கிக்கொண்டது. 2018 செப்டம்பரில் செய்த ராணுவ உடன்பாடு அதைவிடப் புத்திசாலித்தனமானது. கோடு யாருடையது என்று கேட்காமல், இந்தப் பகுதியில் பீரங்கிப் பயிற்சி வேண்டாம், கரையோரப் பீரங்கிகளின் வாயை மூடி வையுங்கள் என்றது. என்னைக் கேட்டால் உச்சி மாநாட்டுக் கைகுலுக்கல்களைவிட இதுதான் உருப்படியான வேலை. 2023 நவம்பரில், வடக்கு உளவுச் செயற்கைக்கோள் ஏவியதும் தெற்கு அதில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது, வடக்கு மொத்தத்தையும் தூக்கி எறிந்தது. 2024 ஜனவரி 5-இல் வடக்கு அந்தக் கடலில் பீரங்கியால் சுட, யொன்பியொங் மக்கள் மறுபடி பதுங்கறைக்குள் ஓடினார்கள்.

இப்போது எனக்குக் கவலை தருவது வேறு. 2023 முடிவில் வடக்கின் இன்றைய தலைவர் கிம் ஜொங் உன் ஒன்றிணைப்பு என்ற கொள்கையையே கைவிட்டு, தெற்கு ஒரு பகை நாடு என்று அறிவித்தார். இனி உறவே வேண்டாம் என்பதுதானே, சண்டை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரே நாட்டின் இரண்டு பாதி என்றால் எல்லையைத் தற்காலிகம் என்று தள்ளிப்போடலாம். தனி நாடு என்றால் கடல் எல்லை இதுதான் என்று சொல்லியே ஆக வேண்டும். 2024 ஜனவரியில் வட எல்லைக் கோட்டை ஏற்கவே முடியாது என்ற கிம், தன் நிலம், வான், கடலில் 0.001 மில்லிமீட்டர் மீறினாலும் போர்த் தூண்டல் என்றார்.

தென் கொரிய அதிபர் லீ ஜே மியுங் 2025-இல் எல்லையில் வடக்கை நோக்கிப் பிரசாரம் செய்த ஒலிபெருக்கிகளை நிறுத்தினார், 2018 உடன்பாட்டைப் படிப்படியாக மீட்கப்போவதாகவும் சொன்னார். வடக்கு ஆர்வம் காட்டவில்லை.

இதெல்லாம் முழுப் போராக வெடிக்குமா? சியோல் எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், வடக்கின் பீரங்கிகள் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தெற்கில் சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள், வடக்கிடம் அணுகுண்டு. தெரிந்தே தொடங்க யாருக்கும் லாபமில்லை. ஆனால் நண்டுப் பருவத்தில் ஒரு ரோந்துப் படகுத் தலைவனுக்கு முடிவெடுக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் ஏவுகணைச் செய்தியைப் பார்த்துப் பயப்படுவதைவிட, ஏப்ரல் முதல் ஜூன் வரையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் யொன்பியொங் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.