மாமனாரின் தகரப் பெட்டியை முதலில் திறந்து பாருங்கள்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். என் மனைவி 1991 செப்டம்பரில் திருச்சி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அவருடைய அப்பா, அம்மா 1990-ல் இலங்கையின் வவுனியாவிலிருந்து படகில் வந்து மண்டபத்தில் பதிந்து, திருச்சி கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் இருப்பவர்கள். 2015-ல் எங்களுக்குத் திருமணம், பதிவும் செய்தாயிற்று. 2017-லும் 2020-லும் பிள்ளைகள் பிறந்தார்கள். மனைவிக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ குடியுரிமையோ கிடைக்குமா? 25,000 கொடுத்தால் வாக்காளர் அட்டையும் பாஸ்போர்ட்டும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்த 25,000 உங்கள் பையிலேயே இருக்கட்டும். குடிமகள் அல்லாத ஒருவர் அதை மறைத்து இந்திய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாலே பாஸ்போர்ட் சட்டத்தில் குறைந்தது 1 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. பணம் வாங்கியவர் அடுத்த மாதம் நம்பரை மாற்றிவிடுவார், விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்து உங்கள் மனைவியுடையது.

நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற மாதிரி அகதிக்கென்று ஒரு ஏற்பாடு நம் நாட்டில் இல்லை, 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவும் இல்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு ஆறுதல் உண்டு. 2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டத்தோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லை என்ற விஷயத்தில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதனால் முகாம் பதிவை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கல்யாணம் ஆகி வந்த பிறகு முகாம் கணக்கெடுப்புக்குப் போகாமல் பட்டியலில் பெயர் அடிபட்டுப் போன பெண்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன், அதைத் திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, குடியுரிமைக்கு வருவோம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடியுரிமை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். உங்கள் மனைவி நான்கு வருடம் பிந்திப் பிறந்துவிட்டார். அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்கு, பிறந்த நேரத்தில் அப்பாவோ அம்மாவோ இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்கிறேன். மாமனாரின் பூர்வீகம் வவுனியாவேதானா? 1977 கலவரத்துக்குப் பிறகு ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கு இறங்கிவந்த, இந்திய வம்சாவளி மலையகக் குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்து, சிலர் இந்திய பாஸ்போர்ட்டே வாங்கி வைத்திருந்து, 1984-ல் தலைமன்னார் – ராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனதால் வரமுடியாமல் மாட்டிக்கொண்டு, அப்புறம் 1990-ல் அகதியாகப் படகில் வந்தவர்கள். அப்படி ஒருவர் என்னிடம் தகரப் பெட்டியிலிருந்து உரச்சாக்கு பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டி, "இது இப்ப செல்லாதுங்களே ஐயா" என்றார். காலாவதியானது பாஸ்போர்ட்தான், அதைக் கொடுத்தபோது ஏற்றுக்கொண்ட குடியுரிமை அல்ல! அப்படி ஒரு தாள் உங்கள் மாமனாரிடம் இருந்தால், 1991-ல் அவர் இந்தியர், அவர் மகளும் பிறப்பாலேயே இந்தியர் என்று வாதாடலாம், வேறு எந்த விண்ணப்பமும் வேண்டியதில்லை.

இல்லையென்றால் அடுத்த வழி, இந்தியரை மணந்து 7 ஆண்டு இங்கே வசித்தவர் என்ற முறையில் குடியுரிமைச் சட்டப் பிரிவு 5(1)(சி)-ன் கீழ் பதிவு கேட்பது. காலக்கணக்கு உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. தடை, சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது என்ற ஒரு வரி. சட்டம் அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கமோ, ஆவணமில்லாமல் இந்தியாவுக்குள் 'நுழைந்த' வெளிநாட்டவர், அல்லது நுழைந்து கெடு தாண்டித் தங்கியவர். உங்கள் மனைவி எங்கிருந்து நுழைந்தார்? பிரசவ வார்டிலிருந்தா? இங்கேயே பிறந்தவரை இப்படி அழைக்க முடியாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2024-ல் வேறு ஒரு பெண்ணின் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது முகாம் வழக்கு அல்ல, அரசுத் தரப்பு அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனாலும் நமக்கு நல்ல பிடிமானம்.

இந்த வாதம் பிள்ளைகளுக்காகவும் வேண்டும். 2004-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒரு பெற்றோர் இந்தியராக இருந்தால் போதாது, இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது. அம்மாவின் பெயருக்கு நேரே விழும் அந்த ஒரு சொல், பிள்ளைகள் தலையிலும் விழும். எனவே எந்தப் படிவத்திலும் ஏதோ ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று 'சட்டவிரோதமாக வந்தவர்' என யாரும் எழுத விடாதீர்கள். பொய்யும் எழுதாதீர்கள். "இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் இலங்கைத் தமிழர்" என்பது உண்மை, அது போதும்.

நடைமுறையில் ஆன்லைன் படிவம் வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்கும். இவரிடம் இரண்டும் இல்லை. படிவத்தோடு, ஏன் இல்லை என்று விளக்கி ஒரு மனு எழுதி, தஞ்சாவூர் கலெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, முகாம் அடையாள அட்டை, பள்ளிச் சான்று நகல்கள் கூடவே போகட்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ரசீதை மறக்காமல் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மதுரைக் கிளையில் ரிட், அதாவது மனுமேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அரசுக்கு எதிராகப் போடும் வழக்கு. தஞ்சை, திருச்சி மாவட்டங்கள் மதுரைக்குக் கீழ் வருகின்றன (நீங்கள் திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலத்துக்காரராக இருந்தால் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்). கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 பேர் போட்ட வழக்கில் 2019-ல் அதே கிளை, அவர்கள் மனுக்களைக் கலெக்டர் மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றுதான் உத்தரவிட்டது. பரிசீலனை என்பது குடியுரிமை அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன், வருடக்கணக்கில் ஆகலாம். வக்கீல் செலவுக்கு யோசித்தால், பெண் என்பதாலேயே உங்கள் மனைவிக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

அறுவடை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டப்பட்டுக்குப் போய் மாமனாரோடு உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம், ஒப்பந்தத்துக்கு யார் மனுப் போட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டு, பெட்டியில் என்ன கிடைத்தாலும், கிழிந்திருந்தாலும், லேமினேஷன் மட்டும் செய்துவிடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.