ஆலாவின் கால் வளையத்தைக் கழற்றாதீர்கள்

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நேற்றைய மழைக்காற்றில் ஒரு பறவை விழுந்து கிடந்தது. முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, வால் பிளந்திருக்கிறது. காலில் எழுத்து பொறித்த வளையம். அதில் ஜிபிஎஸ் சிப் இருக்கிறதாம். கழற்றிக் கொடுத்தால் ஐயாயிரம் தருகிறேன் என்கிறார் டவுனில் ஒருவர். வீட்டில் வைத்திருந்தால் கேஸ் வருமா?

பதில்: முதலில் அந்த ஆளுக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். வளையத்தில் சிப் எதுவும் கிடையாது. அது வெறும் உலோகத் துண்டு. அதில் இருக்கிற எண்தான் விஷயம். அதைக் கழற்றப் போய் பறவையின் காலை ஒடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளம் ஆலா என்னும் கடற்பறவைக்குப் பொருந்துகிறது. அரபிக்கடல் உங்களுக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடித்தால் இப்படி மலைக்குத் தள்ளிவிடும்.

கருவி கட்டிய பறவைகளும் உண்டுதான். கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் ஆர்க்டிக் ஆலாக்களுக்கு 1.4 கிராம் கருவி பொருத்திப் பார்த்தார்கள். ஒரு பறவை வருஷத்துக்குச் சராசரியாக 70,900 கிலோமீட்டர் பறப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். அந்தக் கருவிகூட சிக்னல் அனுப்பாது. வெளிச்சம் வரும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் குறித்து வைக்கும்; அதே பறவையை மறுபடி பிடித்து, கணக்குப் போட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த டவுன் ஆளுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

வளையத்தை மெதுவாகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றி நாலு படம் எடுங்கள். ஒரே படம் போதாது. எண் வளைவில் ஓடும், கடல் உப்பில் தேய்ந்த 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். எண்ணுடன் இடம், தேதி, பறவையின் நிலை ஆகியவற்றை எழுதி மும்பையில் உள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். வெளிநாட்டு வளையமானாலும் அங்கேயே சொல்லலாம். கட்டணம் கிடையாது. "பதிவு செய்து தருகிறேன்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான்.

ஒரு விதிவிலக்கு: பந்தயப் புறா. ஆராய்ச்சி வளையத்தில் இரு முனையும் சேரும் இணைப்புக் கோடு தெரியும்; புறா வளையத்தில் அந்த இணைப்பே இருக்காது. குஞ்சாக இருக்கும்போதே மாட்டியது. வருஷமும் சங்கத்தின் எழுத்தும் இருக்கும். அதற்கு ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லை, வளர்த்தவரைத்தான் தேட வேண்டும். இதைத் தெரியாமல் புறா வளையத்தை ஆராய்ச்சி வளையம் என்று வருஷா வருஷம் எனக்கு அனுப்புகிறார்கள். இணைப்புக் கோடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேஸ் பற்றி: காட்டுப் பறவையை வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டெடுத்து உடனே வனத்துறைக்குச் சொல்பவருக்குப் பயம் வேண்டாம். சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். ஏனென்றால் வனத்துறை கால்நடை மருத்துவமனைக்குப் போகச் சொல்லும், மருத்துவமனை வனத்துறைக்கு அனுப்பும். அப்படி இரண்டு நாள் அலைந்ததில் என் கையிலேயே ஒரு பறவை செத்தது. ஒரு போனில் முடிகிற வேலை. இத்தனை வருஷமாகியும் முடியவில்லை.

அதுவரை காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், பழைய துண்டு விரித்து, இருட்டில் வையுங்கள். பாலோ சோறோ கொடுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். குளிருகிறதே என்று அடுப்படியில் வைக்க வேண்டாம், புகை ஆகாது.