மலை முந்தியா, மழை முந்தியா: கேள்வி பதில்

போன வாரம் சொன்ன மாதிரியே உக்காந்துட்டேன். மலையும் பழைய காலத்து காலநிலையும் ஒண்ணை ஒண்ணு எப்படி மாத்திச்சுன்னு கேளுங்க, காலேஜ்ல நிலவியல் எடுத்தவ, தெரிஞ்சதை சொல்றேன். ஒரே ஒரு வேண்டுகோள், எந்த மலைக்கதை கேட்டாலும் முதல்ல “எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?”ன்னு கேட்டுக்கோங்க, பாதி குழப்பம் அதுலயே தீந்திரும்.

தக்கலை தம்பி: அக்கா, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையும் இமயமலை மாதிரி முட்டி எழும்புனதுதானா?

இல்ல தம்பி. இது பிரிஞ்சப்போ நின்ன ஓரம். சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன்னாடி மடகாஸ்கர் நம்மள விட்டுப் பிரிஞ்சுது, அந்த ஒடஞ்ச விளிம்பு உசந்து, அப்புறம் மழை அரிச்சு அரிச்சு உள்ள தள்ளுனதுதான் இப்ப பாக்குற சுவரு. கல்லு அதைவிட ரொம்பப் பழசு, 50 கோடி வருஷத்துக்கும் மேல. கல்லோட வயசு வேற, மலையோட வயசு வேற.

பூதப்பாண்டி: ஆரல்வாய்மொழி தாண்டுனா மழையே இல்லியே, மலைதான் காரணமா டீச்சர்?

ஆமா. குலசேகரத்துல ரப்பர் தோட்டத்துல நனைஞ்சுட்டு பஸ் ஏறுங்க, கணவாய் தாண்டுனதும் பனையும் முள்ளும் காத்தாடியும்தான். தென்மேற்குக் காத்து மலை ஏறும்போதே குளிர்ந்து ஆனி ஆடி மழையை இந்தப் பக்கமே கொட்டிருது.

குளச்சல்: மேடம், குமரிக்கண்டம் கடல்ல போனதும் காலநிலைனாலதானே?

எத்தனை வருஷத்துக்கு முன்னாடின்னு பாருங்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுகத்துல, கடல்மட்டம் இப்ப இருக்கிறதைவிட 120 மீட்டர் போல கீழ இருந்துச்சு, நம்ம கரை தள்ளி இருந்துச்சு, இலங்கைக்கு நடந்தே போகலாம். அது உண்மை. ஒரு கண்டமே முங்கிச்சுங்கிறது உண்மை இல்ல. குமரிக்கண்டத்தோட சேத்துச் சொல்ற லெமூரியாங்கிற பேரு 1864ல ஸ்கிளேட்டர்ங்கிற விலங்கியல்காரர் வச்சது, மடகாஸ்கர்லயும் இந்தியாவுலயும் ஒரே மாதிரி மிருகம் எப்படின்னு விளக்க, நடுவுல பாலம் மாதிரி ஒரு நிலம் இருந்துச்சுன்னு. கண்டங்களே நகருதுன்னு தெரிஞ்ச பிறகு அந்தப் பாலம் தேவைப்படல.

திருவட்டாறு: மலை எழும்புனா உலகமே எப்படி குளிரும்? புரியல.

இதுக்குத்தான் காத்திருந்தேன். மழைத்தண்ணி காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடை கரைச்சு லேசா ஆசிடாத்தான் விழும். அது கல்லுல உள்ள கால்சியத்தை கரைச்சு ஆத்துல விடும், கடல்ல சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத உயிரும் அதை எடுத்து ஓடு கட்டும், செத்தா அடியில சுண்ணாம்பா படியும். காத்துல இருந்தது கல்லாயிருச்சு, பூமியோட சூட்டைப் பிடிச்சு வைக்கிற போர்வை மெலிஞ்சுருச்சு, பூமி குளிருது.

போன மாசம் திற்பரப்பு போற வழில ரோட்டுக்கு சரிவை வெட்டிப் போட்டிருந்தாங்க, ஒரு உருண்டைக் கல்லை எடுத்து சுத்தியலால ஒடச்சேன். உள்ள எண்ணெய் தேச்ச மாதிரி கரும்பச்சை, அதுக்கு வெளிய விரல் கனத்துக்கு துருப்பிடிச்ச தோல், அதுக்கும் வெளிய நகத்தால சுரண்டுனாலே உதிருற வெள்ளைக்களி, அதுல கார்னெட்ங்கிற சிவப்புக் கனிமம் மட்டும் கரையாம முழிச்சுட்டு இருக்கு. அதே கார்னெட்தான் நம்ம கடற்கரை மணலை சிவப்பாக்குது. மழை கல்லைத் தின்னுறதை கையில வச்சுப் பாக்கணும்னா இதுதான்.

ஆனா கவனிங்க, மழை மட்டும் போதாது. நம்ம மலைல செம்மண் ஆள் உயரத்துக்கு மேல போத்திக் கெடக்கு, தண்ணி புதுக்கல்லைத் தொடுறதே அபூர்வம். இமயமலைல சரிவு சரியுது, பனிப்பாறை அரைக்குது, தெனமும் புதுக்கல்லு வெளிய வருது. 1992ல ரேமோ, ரடிமன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இமயமலை எழும்புனதுதான் பூமியைக் குளிர வச்சுதுன்னு வாதாடுனது இந்தக் காரணத்தாலதான்.

மார்த்தாண்டம்: டீச்சர், இமயமலை 5 கோடி வருஷமா கார்பன் டை ஆக்சைடை இழுத்துட்டே இருந்தா காத்துல ஒண்ணுமே மிஞ்சியிருக்காதே?

நல்ல கேள்வி. குளிர்ந்தா மழை குறையும், கல்லு கரையுறதும் மெதுவாகும், எரிமலை புதுசா விட்டுட்டே இருக்கும். அதனால ஒரு இடத்துல நிக்கும், முன்னைவிடக் குறைஞ்ச அளவுல நிக்கும்.

மார்த்தாண்டம்: அப்ப தலைகீழா இருந்தா? குளிர் வந்து பனி அரிச்சதாலதான் மலை உசரமாத் தெரியுதுன்னா?

அதையேதான் 1990ல மோல்னார், இங்லண்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க கேட்டாங்க, கோழியா முட்டையான்னு தலைப்பே வச்சு. வள்ளத்துல இருந்து மீனை இறக்குனா வள்ளம் மேல வருதுல்லா? அது மாதிரி ஆறு பள்ளத்தாக்கை வெட்டி பாரத்தைக் கொண்டு போனா மிச்சம் இருக்கிற சிகரம் மேல வரும், மலையோட சராசரி உசரம் குறைஞ்சாலும் சிகரம் உசரும். சுமார் 89,000 வருஷத்துக்கு முன்னாடி எவரெஸ்ட் பக்கத்துல ஓடுற அருண் ஆத்தோட இன்னொரு ஆறு சேந்து வெட்டுனதுல எவரெஸ்ட் 15லருந்து 50 மீட்டர் கூடுனதா 2024ல ஒரு ஆய்வு கணக்கு போட்டிருக்கு.

மார்த்தாண்டம்: அப்ப எந்தப் பக்கம் நிக்கிறீங்க? மழுப்பாதீங்க.

மழுப்பல. தள்ளுற விசை அடியில இருந்துதான் வரும், மழை மலை கட்டாது. ஆனா எவ்வளவு உசரம், எவ்வளவு அகலம்கிறதுல மழைக்கும் பனிக்கும் பெரிய பங்கு. தென் அமெரிக்காவுல ஆண்டீஸ் மலைப் பக்கம் அட்டகாமா பாலைவனம் காஞ்சு கெடக்குறதால ஆறு மண்ணு கொண்டு போய் கடல் பள்ளத்துல போடல, மண்ணு இல்லாம பூமியோட மேலோட்டுத் தட்டு ரெண்டும் உரசுறது கூடி மலை உசந்துச்சுன்னு 2003ல ஒரு வாதம் வந்துச்சு. வறட்சியே மலைக்கு முட்டுக் குடுக்குது, யோசிச்சுப் பாருங்க! அந்தப் பக்கம் 3.4 கோடி வருஷத்துக்கு முன்னாடி அண்டார்டிகாவுல பெரிய பனி உக்காந்ததுக்கு மலை மட்டும் காரணம்னு யாராவது ஒரே வரியில சொன்னா ஒத்துக்காதீங்க.

கருங்கல்: குமரிக்கண்டம் பத்தி...

மேல சொல்லியாச்சு.

இரணியல்: வீட்டுக்குப் பின்னால சரிவு விரிசல் விட்டிருக்கு, வயநாடு மாதிரி ஆகுமா?

நேர்ல பாக்காம நான் சொல்ல மாட்டேன். இப்பவே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு போன் பண்ணுங்க, மழை பெய்யுற ராத்திரி அங்க படுக்காதீங்க.

அஞ்சுகிராமம்: மலையே கார்பனை இழுக்கும்னா நாம ஏன் கவலைப்படணும்?

எத்தனை வருஷம்னு கேளுங்க. லட்சக்கணக்கான வருஷம் ஆகும். நாம விடுறது நூறு நூத்தம்பது வருஷத்துல. தயவு செஞ்சு இதை சாக்கா சொல்லாதீங்க.

நாகர்கோவில்: குமரிக்கண்டம் லெமூரியா ரெண்டும் ஒண்ணா?

மேல. முழுசா வாசிங்க.

பிளஸ் ஒன் மாணவி: பழைய மலையோட உசரத்தை எப்படி கண்டுபிடிக்கிறாங்க அக்கா?

ஆக்சிஜன்லயே எடை கூடுன வகை ஒண்ணு உண்டு, அது உள்ள தண்ணி முதல்ல கீழயே மழையா விழுந்துரும் மக்கா, உசரத்துக்குப் போற மழை லேசானது. அந்த மழை ஊறுன பழைய மண்ணுல உள்ள சுண்ணாம்பை அளந்தா உசரம் கிட்டத்தட்ட வரும். ஆனா அந்தக் காலத்துல எவ்வளவு சூடு, மழை எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் கணக்கு போட முடியும். மார்த்தாண்டம் சார், உங்க கோழியும் முட்டையும் இங்கயும் வந்து உக்காந்துருச்சு பாருங்க.