குண்டு பல்புக்கு ஒத்துப்போன சென்சார் எல்இடிக்கு ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: வாசல் விளக்குக்கு, இருட்டினால் தானாக எரியும் சென்சார் வைத்திருக்கிறோம். 60 வாட் குண்டு பல்ப் இருந்தவரை தொல்லையே இல்லை. 9 வாட் எல்இடி போட்டதிலிருந்து பகலில் மினுக் மினுக்கென்கிறது, இரவில் விட்டுவிட்டு எரிகிறது. வேறு பல்ப் வாங்கிப் போட்டும் அப்படியேதான். பல்ப் மட்டமா, சென்சார் போய்விட்டதா?

பதில்: இரண்டிலும் பழுது இருக்காது, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இன்னொரு பல்ப் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். சென்சாரிலிருந்து எத்தனை வயர் வருகிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வயராகத்தான் இருக்கும்.

இரண்டு வயர் சென்சார், சுவிட்சைப் போல ஃபேஸ் லைனுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதற்கெனத் தனி நியூட்ரல் கிடையாது. உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்குத் தேவையான கரண்டைப் பல்ப் வழியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘ஆஃப்’ ஆன பிறகும் பல்புக்குள் துளி கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். குண்டு பல்பின் இழை அதற்கு அசைந்துகொடுக்காது. எல்இடி பல்புக்குள் இருக்கும் டிரைவர் (லைன் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட்) அந்தத் துளியைக் கன்டென்சரில் சேர்த்து வைக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் பல்ப் ஒருமுறை மின்னி அணையும். பகல் மினுக்கலுக்குக் காரணம் இதுதான்.

இரவில் விட்டுவிட்டு எரிவதற்குக் காரணம் வேறு. இத்தகைய சென்சாரில் பல்பை எரியவிடுவது ட்ரையாக் என்ற பாகம். குறிப்பிட்ட அளவு கரண்ட் விடாமல் ஓடினால்தான் அது ‘ஆன்’ நிலையில் நிற்கும். 60 வாட் பல்ப் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும். 9 வாட் எல்இடி இழுப்பது அதில் சிறு பங்கு, அதுவும் துடிப்புத் துடிப்பாக. ட்ரையாக் அடிக்கடி அணைந்துவிடுகிறது. அதனால்தான் பழைய சென்சார் சிலவற்றின் பெட்டியில் ‘குறைந்தபட்சம் 40 வாட்’ என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். கடையில் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. சிஎஃப்எல் போட்டாலும் இதே தொல்லைதான். ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் அதன் முனைகள் தேய்வதால் ஆயுள் இன்னும் குறையும்.

நிலையான தீர்வு, ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த மூன்று வயர் சென்சார்: ஃபேஸ் உள்ளே, நியூட்ரல், பல்புக்குப் போகும் ஃபேஸ். தனக்கு வேண்டிய கரண்டைப் பல்ப் வழியாக இல்லாமல் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நேரடியாக எடுத்துக்கொள்வதால், பல்ப் எவ்வளவு குறைந்த வாட் என்பது அதற்குப் பொருட்டில்லை. ‘சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் இல்லையே, சுவரை வெட்ட வேண்டுமே’ என்று எலக்ட்ரீஷியன் தயங்கினால், சென்சாரை விளக்குப் பக்கத்திலேயே பொருத்தச் சொல்லுங்கள். ஹோல்டருக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வந்தாக வேண்டும், அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே அணைத்துவிட்டு டெஸ்டரால் சோதித்த பிறகு கை வையுங்கள்.

இந்தச் செலவு வீண் போகாது. இரவு 12 மணி நேரம் எரிந்தால், மின் கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்தில் 60 வாட் பல்ப் 43 யூனிட் எடுக்கும். 9 வாட் எல்இடி ஆறரை யூனிட்.

கேள்வி: எங்களுடையது மூன்று வயர்தான். ஆனாலும் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறதே?

பதில்: சென்சாரின் கண்ணில் அந்த விளக்கின் வெளிச்சமே விழுகிறதா என்று பாருங்கள். எரிந்ததும் ‘விடிந்துவிட்டது’ என்று அணைக்கும். அணைந்ததும் மறுபடி எரியவிடும். பகலில் சென்சாரின் கண்ணைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் முழுக்க மூடி ஓரிரு நிமிடம் பொறுத்திருங்கள். விளக்கு எரிந்து சீராக நின்றால், காரணம் அந்த வெளிச்சம்தான். சென்சாரை விளக்குக்கு மேலே, வானத்தைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். எதிரே வெள்ளைச் சுவரோ அடுத்த வீட்டு விளக்கோ இருந்தாலும் ஏமாந்துபோகும். டேப் ஒட்டியும் விட்டுவிட்டு எரிந்தால், வயர் இணைப்பு லூஸாக இருக்கலாம். அதுவும் சரியென்றால் சென்சாரையே மாற்றுங்கள்.

கேள்வி: சென்சார் உள்ளேயே இருக்கும் எல்இடி பல்ப் வாங்கலாமா?

பதில்: திறந்த ஹோல்டர் என்றால் தாராளமாக வாங்கலாம், வயரிங் வேலையே இல்லை. சுவிட்சை மட்டும் எப்போதும் ஆனில் விட்டுவிட வேண்டும். பால் கண்ணாடி உருண்டைக்குள் போடாதீர்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே சென்சாரைக் குழப்பும். மூடிய கூட்டுக்குள் சூடும் தங்கும். எல்இடியில் முதலில் சாவது டிரைவரின் கன்டென்சர்தான், அதைக் கொல்வது சூடுதான். அத்தகைய விளக்குக்கு வெளியே தனி சென்சார் வைத்து, மூடிய கூட்டில் பயன்படுத்தலாம் என்று குறிப்பிட்ட பல்பாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சென்சாரில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. காம்பவுண்ட் சுவர் முழுக்க ஃப்ளட் லைட் போட்டு ஒரே சென்சாரில் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த 10 ஆம்பியர், ஹீட்டர், குண்டு பல்ப் போன்ற லோடுக்கான கணக்கு. எல்இடி டிரைவர்கள் ஆன் ஆகும் கணத்தில், கன்டென்சர் நிரம்புவதற்காக வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை ஒரே இழுப்பாக இழுக்கும். பல விளக்குகள் சேர்ந்து இழுத்தால் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பட்டப்பகலிலும் விளக்கு அணையாது. வீட்டு வாசலில் நாலைந்து பல்ப் என்றால் பயமில்லை. அதற்கு மேல் போனால், சென்சார் ஒரு கான்டாக்டரை (அதிக லோடு தாங்கும் பெரிய ரிலே) மட்டும் இயக்கட்டும். விளக்குகளின் லோடைக் கான்டாக்டர் தாங்கட்டும். மழை படும் இடத்தில் ஐபி 65 (தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகாது என்பதற்கான குறியீடு) என்று அச்சிட்ட சென்சாராக வாங்கி, வயர்கள் கீழ்ப்பக்கமாக வெளியேறும்படி பொருத்துங்கள்.