பாசியை மேய்பவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கோப்பிபாடுகள் (இறாலுக்கு உறவான, கடலில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிர்கள்) கடல்நீரைச் சல்லடைபோல வடிகட்டித்தான் பாசியை, அதாவது நீரில் மிதக்கும் நுண்பாசியை, தின்கின்றன என்று பாடத்தில் படித்தேன். சரிதானா?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். வாயருகே உள்ள கால்களில் வரிசையாக மயிர் இருப்பதால் வந்த எண்ணம் அது. 1981இல் கோல், ஸ்ட்ரிக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியில் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. ஒரு மில்லிமீட்டர் உடலுக்குக் கடல்நீர் பாகுபோலக் கெட்டி. மயிர் இடுக்கில் எளிதாக ஒழுகாது. அதனால் அந்தக் கால்கள் துடுப்பாகத்தான் வேலை செய்கின்றன. விரியும்போது பாசியைச் சூழ்ந்த நீரோடு சேர்த்து வாரிக்கொள்ளும். மூடும்போது நீரைப் பிழிந்து தள்ளிவிடும். சுவையும் பார்க்கும், பிடிக்காததை உதறும்.

கேள்வி: எல்லாக் கோப்பிபாடும் இப்படித்தானா?

பதில்: இல்லை. ஆய்த்தோனா என்ற கோப்பிபாடு அசையாமல் காத்திருந்து, அருகே நீந்தும் இரை எழுப்பும் அதிர்வை உணர்ந்து பாயும். அகார்ஷியா என்ற இன்னொரு கோப்பிபாட்டுக்கு இரண்டும் தெரியும்: டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) மிகுந்தால் நீரோட்டம் உண்டாக்கித் தின்னும், சிலியேட்டுகள் (நுண்மயிர்களால் நீந்தும் ஒருசெல் உயிர்கள்) மிகுந்தால் பதுங்கிப் பிடிக்கும்.

கேள்வி: கடலோரத்தில் பாசியை அதிகம் தின்பது கோப்பிபாடுதானே?

பதில்: வலையில் நிறையச் சிக்குவதால் அப்படித் தோன்றுகிறது. வலைக்கண்ணில் நழுவிப்போகும் ஒருசெல் உயிர்கள்தான் முதலிடத்தில் இருக்கின்றன. அன்றாடம் விளையும் பாசியில் ஏறத்தாழ 60 விழுக்காடு சிலியேட்டுகளுக்கும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்கும் (சாட்டைபோன்ற இழைகளால் நீந்தும் ஒருசெல் உயிர்கள்) போகிறது. வலையை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள் என்று மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கேள்வி: தன்னைவிட நீளமான டயாட்டம் சங்கிலியை ஒரே ஒரு செல் எப்படித் தின்னும்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. புரோட்டோபெரிடினியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் உடல் கவசத் தகடுகளால் மூடியது. அவ்வளவு பெரிய இரையை விழுங்க வழியில்லை. முதலில் மெல்லிய இழை ஒன்றால் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உடலிலிருந்து ஒரு சவ்வை வெளியே விட்டு, முழுச் சங்கிலியையும் போர்த்தும். செரிமானமே அந்தப் போர்வைக்குள்தான், உடலுக்கு வெளியே! முடிந்ததும் சவ்வை உள்ளே இழுத்துக்கொண்டு, வெறும் சிலிக்கா ஓடுகளை விட்டுவிட்டுப் போய்விடும். நுண்ணோக்கியில் எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

கேள்வி: பாக்டீரியா அளவுள்ளவற்றைப் பிடிக்க யாருமில்லையா?

பதில்: ஒய்க்கோப்ளூரா என்ற, தலைப்பிரட்டை போன்ற சிறு கடல் விலங்கு இருக்கிறது. தன்னைச் சுற்றிச் சளியால் ஒரு வீடு கட்டி, வாலை அசைத்து நீரை உள்ளே இழுக்கும். ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகளும் அதன் வலையில் சிக்கும். வலை அடைத்துக்கொண்டால் வீட்டையே கழற்றிவிட்டுப் புதியதை ஊதிக்கொள்ளும். ஒரே நாளில் பலமுறை இது நடக்கும்.

கேள்வி: பாசி எதிர்ப்புக் காட்டாதா?

பதில்: காட்டும். கோப்பிபாடு நீரில் கசியவிடும் கொழுப்புப் பொருள்களை உணர்ந்து அலெக்ஸாண்ட்ரியம் என்ற நச்சு டைனோஃபிளாஜெல்லேட் தன் நஞ்சைக் கூட்டுகிறது. ஸ்கெலிட்டோனீமா என்ற டயாட்டம் தன் சங்கிலியைத் துண்டுதுண்டாக்கிக்கொள்கிறது. நீண்ட சங்கிலி கோப்பிபாட்டிடம் எளிதில் மாட்டும், குட்டையானது தப்பும். ஆனால் அதே குட்டைத் துண்டு சிலியேட்டுக்கு வாகான கவளம்.