கிழிந்த சட்டை போட்டால் பங்க் ஆகிவிடுமா?

"மாலில் விற்கிற கிழிந்த டி-ஷர்ட், சேஃப்டி பின் எல்லாம் போலிதானே? அசல் பங்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பங்க் என்பது 1970-களில் கிளம்பிய கலக ராக் இசை. உடையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு உருவானதே ஒரு துணிக்கடையைச் சுற்றித்தான்: கிங்ஸ் ரோடு 430, மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்திய கடை. குழுவின் மேனேஜரும் மெக்லாரன்தான். ஆக, கல்லாப்பெட்டி முதல் நாளிலிருந்தே உண்டு.

கணக்கைப் பாருங்கள். காசு யார் போட்டது, விலை யார் வைத்தது, எந்தப் பாட்டு வெளிவரும் என்று யார் முடிவு செய்தது?

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அடுத்த மாதமே 'நியூ ஹார்மோன்ஸ்' என்ற சொந்த லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், 1000 தட்டுகள். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக்கில், அதாவது எத்தனையாவது முயற்சியில், பதிவானது, பிறகு எதையாவது மேலே சேர்த்தார்களா என்பதைத் தட்டின் உறையிலேயே அச்சிட்டார்கள். சமையல் குறிப்பு மாதிரி! படித்தவனுக்கு 'இவ்வளவுதானா, நாமும் செய்யலாமே' என்று தோன்றும். எனக்குத் தெரிந்து பங்க்கின் பெரிய கலகம் அந்த உறைதான்.

அதே ஜனவரியில் தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழு சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. அவர்கள் கோபம் பொய்யில்லை. ஆனால் அந்த வருடமே குழுவைக் கேட்காமல் கம்பெனி ஒரு பாட்டை சிங்கிளாக, அதாவது தனிச் சிறு தட்டாக, வெளியிட்டது. கடுப்பில் அதைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார்கள். அதையும் விற்றது சிபிஎஸ்தான்.

சொந்தமாகச் செய்தாலும் சறுக்கும். இங்கிலாந்தின் கிராஸ் என்ற பங்க் குழு உறையிலேயே 'இதற்கு மேல் கொடுக்காதீர்கள்' என்று விலை போட்டது. ஒரு சிங்கிளுக்கு 45 பென்ஸ் போட்டார்கள், வாட் வரியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். விற்க விற்க நஷ்டம்.

வாஷிங்டனின் டிஸ்கார்ட் லேபிள் பையன்கள் 1980-இல் ஓர் உறையைப் பிரித்து, அதைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு வரைந்து, தங்கள் முதல் தட்டுக்கான உறைகளைக் கையாலேயே வெட்டி ஒட்டினார்கள். நீங்களும் செய்யலாம். 7 அங்குலத் தட்டின் குறுக்களவு சுமார் 17.5 செ.மீ. உறையைச் சரியாக 17.5-க்கு வெட்டினால் தட்டு நுழையாது, மடிப்பு கிழியும், 18.5 வையுங்கள். முன்னும் பின்னும் சேர்த்து 37 செ.மீ. நீளம், ஒரு பக்கத்துக்கு மட்டும் மேலும் கீழும் 2 செ.மீ. மடிப்பு: ஓர் ஏ3 தாளில் அடங்கிவிடும். தடித்த தாளென்றால் மடிக்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் முதலில் ஒரு கோடு அழுத்துங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் அச்சு மை விரிசல் விடும். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். ஈரத்தோடு தட்டைச் செருகினால் கசிந்த பசை ஓரத்தில் ஒட்டும். முள் இறங்குகிற இடமே அதுதான்.