மூளையை அறிந்தால் மனிதரைக் கணித்துவிடலாமா?

கேள்வி: ஒரு முடிவை எடுத்துவிட்டதாக நாம் உணரும் முன்பே மூளை அதற்கான வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று படித்தேன். அப்படியானால் மனம் இயற்பியல் விதிகளின்படி ஓடும் இயந்திரம்தானா? போதிய விவரங்கள் கிடைத்தால் என் நாளைய முடிவை இன்றே ஒருவர் சொல்லிவிடலாமா? அது உண்மையென்றால், ஒரு தீய பழக்கத்திலிருந்து விடுபட நான் செய்யும் முயற்சிக்கு என்ன பொருள்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மனம் இயற்பியல் விதிகளுக்கு உட்பட்டதா என்பது ஒன்று. உட்பட்டதென்றால் அதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பது மற்றொன்று. மயக்க மருந்து நினைவைத் துண்டிப்பதையும், மூளையின் ஒரு பகுதி சேதமடைந்தால் பேச்சு மட்டும் பறிபோவதையும் பார்க்கும்போது, முதல் கேள்விக்கு 'ஆம்' என்பதே என் சாய்வு. (அணுக்களின் இயக்கம் எப்படி வலியாகவும் நிறமாகவும் உணரப்படுகிறது என்பது இன்னும் விடுபடாத புதிர், அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.)

அந்த 'ஆம்' இரண்டாவது கேள்விக்குச் செல்லாது. அண்டத்தின் ஒவ்வொரு துகளின் நிலையையும் அதன்மீது செயல்படும் விசைகளையும் அறிந்த ஓர் அறிவுக்கு எதிர்காலம் முழுவதும் கண்முன் விரியும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814இல் எழுதினார். ஆனால், விதிகளுக்கு முழுவதும் கட்டுப்பட்ட சமன்பாடுகளிலும் தொடக்க அளவில் ஏற்படும் மிகச் சிறு மாற்றம் நாளடைவில் முற்றிலும் வேறான விளைவைத் தரக்கூடும் என்பதை வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் காட்டினார். 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. அந்த வரைபடத்தை மட்டும் கொண்டு அப்புழுவின் நடத்தையை முழுமையாகக் கணிக்க இன்றும் இயலவில்லை. நம் மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன.

நீங்கள் படித்தது பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட ஆய்வாக இருக்கலாம். கையை அசைக்கும் விருப்பம் தோன்றியதாகப் பங்கேற்றவர்கள் குறிப்பிட்ட கணத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடி முன்பே மூளையில் மின் மாற்றம் தொடங்கியிருந்தது. ஆயினும், அந்த மின் மாற்றத்தின் மெதுவான ஏற்றம் முன்பே எடுத்த முடிவாக இருக்க வேண்டியதில்லை, மூளையின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் திரண்டு, அசைவைத் தூண்டும் ஓர் எல்லையைத் தொடுவதாகவும் இருக்கலாம் என்று 2012இல் ஆரோன் ஷர்கரும் உடனாய்வாளர்களும் வாதிட்டனர். இடக்கையா வலக்கையா என்பதை மூளை வருடிப் படங்களிலிருந்து சில நொடிகள் முன்னதாகவே ஊகித்த 2008ஆம் ஆண்டு ஆய்வில்கூட, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 விழுக்காடு சரியாகிவிடக்கூடிய இடத்தில் கிடைத்த துல்லியம் சுமார் 60 விழுக்காடுதான். இதைக் கொண்டு வாழ்க்கை முடிவுகளைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

இனி உங்கள் முயற்சிக்கு வருவோம். நாளை நீங்கள் செய்யப்போவதை ஒருவர் கணித்து உங்களிடமே சொன்னால், அச்சொல்லும் உங்கள் மூளைக்குள் ஒரு புதிய காரணமாகிவிடும். கேட்டபின் நீங்கள் வேறு வழியில் செல்லக்கூடும். எல்லாமே காரண காரியத் தொடர்தான் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் முயற்சி அத்தொடருக்கு வெளியே நிற்பதில்லை. நடக்கப்போவதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் அதுவும் ஒன்று. அந்தப் பழக்கம் மதுவோ வேறு போதைப்பொருளோ என்றால், மன உறுதியை மட்டும் நம்பியிராமல் ஒரு மருத்துவரையும் பாருங்கள்; மனம் உடலோடு பிணைந்தது என்பதால்தான் அங்கே மருந்தும் வேலை செய்கிறது.